ஒரு ஃப்ளாப்பிக்குள்ள அடங்கின தமிழ்

"பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு, ரொம்ப ஸ்லோ. லேசான சாஃப்ட்வேரா ஏதாவது சொல்லேன்." மாசத்துக்கு ரெண்டு பேராவது இந்தக் கேள்வியோட வந்துடறாங்க. சாஃப்ட்வேர் வேலையில இருக்கறவனுக்கு இதெல்லாம் தெரியும்னு ஒரு நம்பிக்கை :-)

பத்து பேர் சொல்லி ஒரு லிஸ்ட் போட்டா வேலை முடிஞ்சுது. ஆனா லிஸ்டுக்கு ஆயுசு கம்மிங்க. ரெண்டு வருஷத்துல பாதி மென்பொருள் காணாம போயிருக்கும், மீதி ஊதிப் போயிருக்கும். அதனால லிஸ்டைப் பதிவோட கடைசியில வச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு பேசலாம்.

ஏன் வரலாறுன்னா, லேசான மென்பொருளை எப்படித் தேர்ந்தெடுக்கறதுங்கற கேள்விக்கு தமிழ் எழுதறவங்க ஏற்கனவே ஒரு பதில் கண்டுபிடிச்சிருக்காங்க. கிட்டத்தட்ட 1995-லேர்ந்து 2008 வரைக்கும் நடந்த கதை. அதுல ஆரம்ப வருஷங்கள்ல நான் பள்ளிக்கூடத்துலயே சேரலை. பெரியப்பா மகன் சொல்லிக் கேட்டதும், பழைய பதிவுகளைத் தோண்டிப் படிச்சதும், கொஞ்சம் பழைய மென்பொருளை நோண்டிப் பார்த்ததும்தான் எனக்குத் தெரிஞ்சது. இதை நேர்ல அனுபவிச்சவங்க இங்க நிறைய பேர் படிப்பீங்க. தப்பு இருந்தா தலையில குட்டுங்க.

4 எம்பியும் 4 ஜிபியும்

முதல்ல ஒரு கணக்கு. 1995-ல வந்த விண்டோஸ் 95 ஓடறதுக்குக் குறைஞ்சபட்சம் 4 எம்பி ராம் வேணும்னு மைக்ரோசாஃப்ட் சொல்லிச்சு. 2021-ல வந்த விண்டோஸ் 11-க்குக் குறைஞ்சபட்சம் 4 ஜிபி. 26 வருஷத்துல ஆயிரம் மடங்கு! நாம அதுல பண்ற வேலை என்னமோ அதேதான். ஒரு கடிதம் அடிக்கறோம், ஒரு படம் பார்க்கறோம், ஒரு பாட்டு கேக்கறோம், ஒரு பிரிண்ட் எடுக்கறோம்.

இதை அப்பவே ஒருத்தர் கண்டுபிடிச்சு எழுதிட்டார். பாஸ்கல் மொழியை உருவாக்கின நிக்லாஸ் விர்த், சுவிட்சர்லாந்துக்காரர். (இன்ஜினியரிங்ல முதல் வருஷம் இவர் பேரை மனப்பாடம் பண்ணியிருப்போம்.) 1995 பிப்ரவரியில ஐஇஇஇ கம்ப்யூட்டர் இதழ்ல ஒல்லியான மென்பொருளுக்காக ஒரு கட்டுரை எழுதினார். 1970 வாக்குல 8,000 பைட்டுல ஒரு டெக்ஸ்ட் எடிட்டரை எழுத முடிஞ்சுது, இப்ப நூறு மடங்கு கேக்குதேன்னு அதுல புலம்பியிருப்பார். வன்பொருள் வேகமாகற வேகத்தை விட மென்பொருள் மந்தமாகற வேகம் அதிகம்ங்கற கருத்துக்கு இன்னைக்கும் 'விர்த் விதி'ன்னுதான் பேரு. அவரோ அதை மார்ட்டின் ரைசர் சொன்னதுன்னு அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருந்தார். பேர் மட்டும் இவர்மேல ஒட்டிக்கிச்சு.

விர்த் புலம்பினது நிபுணரோட கவலை. அதே காலத்துல தமிழ் எழுத நெனச்சவங்களுக்கு இருந்தது வேற கவலை. அவங்க கையில சொந்தமா கம்ப்யூட்டரே கிடையாது.

பிரௌசிங் சென்டர் காலம்

எங்க ஊர் கூனிமேடு. ஈசிஆர்ல மரக்காணத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவுல இருக்கு. வடக்கே போனா உப்பளம், தெற்கே போனா பாண்டி. 2000-த்தை ஒட்டின வருஷங்கள்ல இங்கேர்ந்து இன்டர்நெட் பார்க்கணும்னா பஸ் ஏறி பாண்டி பிரௌசிங் சென்டருக்குத்தான் போகணும்னு பெரியப்பா மகன் சொல்வான். மணிக்கணக்குக்குக் காசு. டயல்-அப் லைன். மெஷின்ல விண்டோஸ் 98. அதுல எதையும் இன்ஸ்டால் பண்ண விடமாட்டாங்க. விட்டாலும் அடுத்த தடவை போறப்ப துடைச்சு வச்சிருப்பாங்க.

இந்த நெலமையில ஒருத்தர் தமிழ்ல எழுதணும்னா என்ன வேணும்னு யோசிச்சுப் பாருங்க. டயல்-அப்ல சீக்கிரம் இறங்கற அளவுக்குச் சின்னதா இருக்கணும். 1.44 எம்பி ஃப்ளாப்பியில போட்டு சட்டைப் பையில எடுத்துட்டுப் போற மாதிரி இருந்தா இன்னும் உத்தமம். சென்டர்காரர்கிட்ட கெஞ்ச வேண்டியிருக்கக் கூடாது. எழுதி முடிச்சதும் அடுத்த முனையில இருக்கறவருக்கு அது தமிழாத் தெரியணும்.

கடைசி நிபந்தனைதான் பெரிய தலைவலி.

ஆளுக்கொரு எழுத்துரு

கம்ப்யூட்டர்ல தமிழ் கொண்டு வந்தவங்கள்ல நிறைய பேர் அதைச் சம்பளத்துக்குப் பண்ணலை. மலேசியாவுல முத்து நெடுமாறன் 1985-லயே முரசு மென்பொருளை ஆரம்பிச்சுட்டார். கனடாவுல முனைவர் சீனிவாசன் டாஸ் காலத்துலயே 'ஆதமி' எழுதினார். சிங்கப்பூர்ல நா. கோவிந்தசாமி 'கணியன்' கொண்டு வந்தார். சுவிட்சர்லாந்து லொசான்ல வேதியியல் ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை உருவாக்கி இலவசமா விட்டார். விர்த் இருந்த அதே நாடு பாருங்க! இவர் முன்னின்னு 1998 பொங்கலப்போ தொடங்கினதுதான் மதுரைத் திட்டம்.

மயிலை மாதிரி ஒரு எழுத்துரு வெறும் ஒரு ஃபைல். ஃப்ளாப்பியில போட்டு, ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல காப்பி பண்ணினா தமிழ் வந்துடும். இதைவிட லேசா ஒரு தீர்வு இருக்க முடியாது. ஆனா இந்த வழியில ஒரு சிக்கல் ஒளிஞ்சிருந்தது.

கம்ப்யூட்டர் எழுத்துகளை எண்களாத்தான் சேமிக்கும். தமிழுக்குன்னு பொதுவான எண் வரிசை அன்னைக்குப் புழக்கத்துல இல்லை. அதனால எழுத்துரு செஞ்ச ஒவ்வொருத்தரும் 'அ'வை அவங்க இஷ்டப்பட்ட எண்ணுல உக்கார வச்சாங்க. பாமினி மாதிரி எழுத்துருக்கள்ல ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்துலயே தமிழ் உக்காந்திருக்கும். ஒரு எழுத்துருவுல அடிச்சதை இன்னொரு எழுத்துருவுல திறந்தா கந்தரகோலம். பத்திரிகை இணையதளங்களும் ஆளுக்கொரு எழுத்துரு வச்சிருந்தாங்க. அஞ்சு தளம் படிக்க அஞ்சு எழுத்துரு இறக்கணும்.

இதைச் சரி பண்ண ரெண்டு முயற்சி நடந்தது. இணையத்துல கூடிப் பேசின தமிழர்கள் சேர்ந்து உருவாக்கினது திஸ்கி. 1999-ல சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுல வந்தது டாப், டாம் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும். ரெண்டுமே நல்ல முயற்சிதான், ஆனா ரெண்டு தரம்னா அது தரம் இல்லையே! இதுக்கு நடுவுல 1991-லயே யுனிகோடுல தமிழுக்கு இடம் ஒதுக்கிட்டாங்க. ஆனா விண்டோஸ் 2000-ல லதா எழுத்துரு வர்ற வரைக்கும் சாதாரண விண்டோஸ்காரங்களுக்கு அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

எக்ஸ்பி சிடி எங்கப்பா?

2001-ல எக்ஸ்பி வந்தது. யுனிகோடு தமிழ் அதுக்குள்ளயே இருக்கு, பிரச்சனை தீர்ந்துதுன்னுதானே நெனைக்கறீங்க? அங்கதான் ட்விஸ்ட். தமிழ் மாதிரி எழுத்துகள் சேர்ந்து உருமாறற மொழிகளுக்கான ஆதரவு எக்ஸ்பியில தானா செயல்படாது. கன்ட்ரோல் பேனல்ல போய், மொழி அமைப்புகள்ல ஒரு பெட்டியில டிக் பண்ணணும். டிக் பண்ணினதும் அது எக்ஸ்பியோட ஒரிஜினல் சிடியைக் கேக்கும்.

நம்மூர்ல எத்தனை பேர்கிட்ட அந்த சிடி இருந்திருக்கும்? அசெம்பிள் பண்ணிக் கொடுத்தவர் போட்ட எக்ஸ்பி, சிடி அவர்கிட்டயே போயிருக்கும். அது ஒரிஜினலாங்கறது தனிக் கதை, இங்க வேண்டாம் ;-) ஆபீஸ் கம்ப்யூட்டர்னா சிஸ்டம் அட்மின் தயவு வேணும். "தமிழ்ல எழுதணும், சிடி குடுங்க சார்"னு அட்மின்கிட்ட கேட்டா அவர் பார்க்கற பார்வை இருக்கே...

சிடி இல்லைன்னா கொம்பும் காலும் எழுத்தோட சேராம தனித்தனியா தொங்கும், 'கொ' மூணு துண்டா நிக்கும். அன்னைக்குத் தமிழ் வலைப்பதிவு படிச்சவங்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது.

ஆக, வசதி இயங்குதளத்துல இருக்கு. ஆனா அதைத் திறக்கற சாவி பயன்படுத்தறவர்கிட்ட இல்லை.

சின்னச் சின்ன ஆளுங்க, சின்னச் சின்ன தீர்வு

இந்தப் பூட்டை உடைச்சதெல்லாம் தனி ஆளுங்க, சின்னக் குழுக்கள். அவங்க பண்ணினதைப் பார்த்தா ஒவ்வொண்ணும் ஒரு குறிப்பிட்ட கஷ்டத்துக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கும்.

*இ-கலப்பை.* முகுந்தராஜ், தமிழா குழு மூலமா கொண்டு வந்தது. உள்ள ஓடினது கீமேன்ங்கற விசைப்பலகை இஞ்சின். ஆஸ்திரேலியாவுல மார்க் டர்டின் 1990-களோட தொடக்கத்துல லாவோ மொழிக்காக எழுத ஆரம்பிச்சது அது. லாவோவுக்குச் செஞ்ச ஏர்ல தமிழ் உழுதோம்! இ-கலப்பை எடிட்டர் கிடையாது. நோட்பேடோ, பிரௌசரோ, சாட் பெட்டியோ, எங்க வேணும்னாலும் நேரடியா அடிக்கலாம். அதுக்கு முன்னாடி நிறைய பேர் தனி எடிட்டர்ல அடிச்சு, வெட்டி ஒட்டிட்டு இருந்தாங்க. ஒரு எடிட்டரையே தேவையில்லாம ஆக்கினதைவிட எடை குறைப்பு வேற என்ன இருக்கு?

*அழகி.* சென்னையில பா. விஸ்வநாதன் தனி ஆளா உழைச்சு 2000-த்துல வெளியிட்டது. ஆங்கில ஒலியில அடிச்சா தமிழ் வரும். தட்டச்சு தெரியாத வீட்டுப் பெரியவங்ககூட உக்காந்து எழுத முடிஞ்சதுக்கு இந்த மாதிரி முயற்சிகள் ஒரு முக்கியக் காரணம்.

*சுரதாவோட பக்கங்கள்.* ஜெர்மனியில இருந்த ஈழத்தமிழர் சுரதா யாழ்வாணன் 'பொங்குதமிழ்' எழுத்துரு மாற்றியை ஒரு வெப் பக்கமா எழுதினார். இன்ஸ்டால் கிடையாது. பிரௌசர் இருந்தா போதும். பக்கத்தை சேவ் பண்ணிக்கிட்டா இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். பாமினியா, திஸ்கியா, இந்தப் பெட்டியில ஒட்டு, அந்தப் பெட்டியில யுனிகோடு எடுத்துக்கோ. பிரௌசிங் சென்டர்காரர் எதையும் இன்ஸ்டால் பண்ண விடமாட்டாரா? பரவாயில்லை, இன்ஸ்டாலே பண்ண வேண்டாம். இன்னைக்கு 'வெப் ஆப்'னு பெருசா சொல்றோமே, அதை அவர் அப்பவே ஜாவாஸ்கிரிப்டுல செஞ்சு காட்டிட்டார்.

*தேனீ.* அதிராம்பட்டினம் உமர்தம்பி உருவாக்கின யுனிகோடு எழுத்துரு. இதோட இயங்கு எழுத்துரு வடிவத்தை வலைப்பதிவோட டெம்ப்ளேட்டுல ஒரு வரி சேர்த்துட்டா போதும், படிக்கறவர் மெஷின்ல தமிழ் எழுத்துருவே இல்லைன்னாலும் பக்கம் எழுத்துருவையும் சேர்த்து அனுப்பிடும். விண்டோஸ் 98-ல இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வச்சிருந்தவங்க யுனிகோடு பதிவுகளைப் படிச்சது இப்படித்தான். சுமையை வாசகர் தலையிலேர்ந்து இறக்கி எழுதறவர் தோள்ல வச்சார். 2006 ஜூலையில அவர் காலமானார். 2004-ல காசி ஆறுமுகம் தமிழ்மணம் ஆரம்பிச்ச பிறகு நூத்துக்கணக்கான பேர் எழுத வந்தாங்களே, அந்தப் பதிவுகள் பழைய மெஷின்கள்லயும் படிக்கக் கிடைச்சதுல இந்த மனுஷனோட பங்கு பெருசு.

*என்எச்எம் ரைட்டர்.* நியூ ஹொரைசன் மீடியாவுல கே.எஸ். நாகராஜன் எழுதினது. ஒரு எம்பி அளவுதான். தமிழ்99, ஒலிப்பு முறை, பழைய தட்டச்சு, பாமினி எல்லாம் அதுக்குள்ள. ஆல்ட் அமுக்கி ஒரு எண்ணைத் தட்டினா மாறிக்கலாம். ஆனா இதோட உண்மையான சாதனைன்னு நான் நெனைக்கறது வேற. எக்ஸ்பி சிடி இல்லாமலே தமிழ் ஆதரவை இதுவே போட்டுக் கொடுத்துடும்! அட்மின்கிட்ட கெஞ்ச வேண்டாம், சிடி தேட வேண்டாம். சிடியில பூட்டி வச்சிருந்த சாவி இப்ப ஒரு ஃப்ளாப்பியில வந்துடுச்சு. (அப்ப பென்டிரைவ் காலம் வந்தாச்சுன்னு சொல்வீங்க. ஒரு பேச்சுக்குத்தாங்க.)

எடைன்னா எது?

இங்க ஒரு நியாயமான கேள்வி வரும். யுனிகோடே கனமானதுதானே?

ஆமா. 'தமிழ்'ங்கற சொல்லை திஸ்கியில சேமிச்சா 4 பைட். அதையே யுனிகோடுல, இணையத்துல வழக்கமா இருக்கற யுடிஎஃப்-8 முறையில சேமிச்சா 15 பைட். த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு அஞ்சு எழுத்துக்குறி, ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட். டயல்-அப் காலத்துல இதை வச்சுப் பெரிய சண்டையே நடந்தது. எல்லாத் தமிழ் எழுத்துக்கும் தனித்தனி இடம் தர்ற டேஸ்16 முறைதான் சரின்னு வாதாடினவங்க இருந்தாங்க. 2010 ஜூன்ல கோவை செம்மொழி மாநாட்டு சமயத்துல தமிழக அரசு யுனிகோடு, டேஸ்16 ரெண்டையுமே தரமா அறிவிச்சது.

பைட் கணக்குல பார்த்தா திஸ்கி ஜெயிச்சிருக்கணும். ஜெயிச்சது யுனிகோடு. ஏன்?

திஸ்கியில எழுதின ஃபைலைத் திறக்க இன்னொருத்தர்கிட்ட திஸ்கி எழுத்துரு இருக்கணும். யுனிகோடுல எழுதினா யாரும் எதுவும் தேட வேண்டாம். தேடுபொறியில கிடைக்கும், போன்ல தெரியும், பத்து வருஷம் கழிச்சும் திறக்கும். அன்னைக்கு இ-கலப்பையில அடிச்சதை இன்னைக்கு இ-கலப்பை இல்லாத மெஷின்ல படிக்கறோம். எழுதின கருவி போனாலும் எழுத்து தங்கிடுச்சு.

அதனாலதான் 'லேசான மென்பொருள்'னா சின்ன ஃபைல் சைஸ்னு மட்டும் நான் எடுத்துக்கறதில்லை. என் அளவுகோல்ல மூணு கேள்வி இருக்கு:

1. இப்ப இருக்கற மெஷின்லயே ஓடுதா?
2. இதைப் போடவும் பயன்படுத்தவும் இன்னொருத்தர் அனுமதி, இன்னொருத்தர் சிடி, மாசச் சந்தா ஏதாவது வேணுமா?
3. நாளைக்கு இதை விட்டுட்டுப் போனா, நான் செஞ்சு வச்சதெல்லாம் என்னோட வருமா?

முதல் ரெண்டை எல்லாரும் பார்ப்பாங்க. மூணாவதைத்தான் நாம மறந்துடறோம். உள்ள வர்றது சுலபமா இருந்து, வெளிய போறது கஷ்டமா இருந்தா, அது எத்தனை கேபியா இருந்தாலும் கனமான மென்பொருள்தான்.

கம்பெனி கட்டின கிடங்கு

சின்னதா ஒரு ஊர்க்கதை. 1680-கள்ல ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி எங்க ஊர்ல ஒரு வணிகக் கிடங்கு வச்சிருந்தது. அவங்க காகிதங்கள்ல 'கானிமியர்'னு இருக்கறது நம்ம கூனிமேடுதான். 1690-ல கடலூர்கிட்ட ஒரு கோட்டையை மராத்தியர்கிட்டேர்ந்து வாங்கி டேவிட் கோட்டைன்னு பேர் வச்சாங்க. அதோட கூனிமேட்டுக்கு இருந்த மவுசு போச்சு. ஊர் இருக்கு, கம்பெனி போயிடுச்சு.

கம்பெனிங்க அப்படித்தாங்க, அதைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. மென்பொருளும் அதே கதைதான். இன்னைக்கு இலவசம், நாளைக்குச் சந்தா, அடுத்த நாள் 'இந்தச் சேவை நிறுத்தப்படுகிறது'. சில சமயம் எதிர்த் திசையிலயும் நடக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த கீமேனை 2015-ல எஸ்ஐஎல் எடுத்துக்கிட்டு, பிற்பாடு இலவசமா, ஓப்பன் சோர்ஸா ஆக்கினாங்க. இ-கலப்பையும் 3.0-ல கீமேன் இல்லாமலே ஓட ஆரம்பிச்சிடுச்சு. எது எப்படிப் போகும்னு நம்மால சொல்ல முடியாது. நம்ம சரக்கை அவங்க கிடங்குல மட்டும் பூட்டி வைக்காம இருக்கறதுதான் நம்ம கையில இருக்கு.

இப்ப ஏன் இந்தப் பேச்சு?

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வேணும்னு பதிஞ்சுக்கிட்ட வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் வரைக்கும் ஒரு நீட்டிப்பு. விண்டோஸ் 11 போகணும்னா 4 ஜிபி ராமோட டிபிஎம் 2.0 சிப்பும், ஓரளவு புது பிராசசரும் வேணும். இன்டெல்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல. நல்லா ஓடிட்டிருக்கற எத்தனையோ மெஷினுக்கு இது கதவடைப்பு.

எங்க ஊர்ப் பக்கம் ஈசிஆர் ஓரமா ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கு. அண்ணன் ஒருத்தர் வச்சிருக்கார். ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். உப்பளத்துல வேலை பார்க்கறவங்க, குப்பத்து மீனவங்க எல்லாருக்கும் அதுதான் ஆபீஸ். மனு அடிக்கணும், ஆதார் பிரிண்ட் எடுக்கணும், ஏப்ரல் 15-லேர்ந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தா நிவாரணத்துக்கான காகிதம் பார்க்கணும், மழைக்காலத்துல உப்பளம் நின்னா அதுக்கொரு காகிதம். "ரெண்டு மெஷினையும் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க"ன்னு யாரோ சொல்லிட்டாங்க. அவருக்கு அது ஒரு வருஷ மிச்சம். ரெண்டும் 4 ஜிபி ராம், விண்டோஸ் 10, தொட்டா கொட்டாவி விடும்.

மேல சொன்ன மூணு கேள்வியை வச்சு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தோம்.

கைரேகைக் கருவியோட டிரைவருக்கு விண்டோஸ்தான் வேணும். அதனால ஒரு மெஷின் விண்டோஸ்லயே இருக்கட்டும்னு நீட்டிப்புல பதிஞ்சோம். ஹார்ட் டிஸ்கை எடுத்துட்டு சின்ன எஸ்எஸ்டி போட்டோம். தொடக்கத்துல தானா ஓடின ஏகப்பட்ட குப்பையை நிறுத்தினோம். அது இப்ப கொட்டாவி விடறதில்லை. இன்னொண்ணு மனு அடிக்கவும் பிரிண்ட் எடுக்கவும் மட்டும்தான். அதுல லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அண்ணன் தட்டச்சு லோயர், ஹையர் பாஸ் பண்ணினவர். விரல் பழைய தட்டச்சு முறையிலதான் ஓடும், தமிழ்99 எல்லாம் இந்த வயசுல வேண்டாம்னுட்டார். ஐபஸ்ல எம்17என் சேர்த்தா அந்தப் பழைய தட்டச்சு முறையும் இருக்கு. அடிச்சுப் பார்த்துட்டு "அட, இது நம்ம கீபோர்டுதான்!"னார்.

உண்மையான வேலை அதுக்கப்புறம்தான். பல வருஷமா அடிச்ச மனு மாதிரிகள் எல்லாம் பழைய எழுத்துருவுல இருந்தது. மெஷின் போச்சுன்னா அதுவும் போச்சு. ஒவ்வொண்ணாத் திறந்து, மாற்றியில போட்டு, யுனிகோடா சேமிச்சோம். ரெண்டு நாள் ஆச்சு. இப்ப அதே மனுவை அவர் போன்லயே திறந்து, பேரை மாத்தி வாட்ஸப்ல அனுப்பறார். மெஷினைக் காப்பாத்தினதைவிட இதுதான் எனக்குத் திருப்தி.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். 'லேசா இருக்கு'ன்னு விண்டோஸ் 7-லயே ஒட்டிக்கிட்டு அதுல பேங்க் வேலை பார்க்காதீங்க. குரோம் 2023 பிப்ரவரியிலயே விண்டோஸ் 7-ஐக் கைவிட்டாச்சு. இன்டர்நெட்ல இணைஞ்ச மெஷின்ல பழைய பிரௌசர் வச்சிருக்கறது தாழ்ப்பாள் இல்லாத கதவு. பழைய மெஷின் தப்பில்லை, திருத்தம் வராத மென்பொருள்தான் ஆபத்து.

சரி, அந்த லிஸ்ட்

சொன்னபடி லிஸ்ட். எல்லாம் நான் பயன்படுத்தறதுதான்.

- *படம் பார்க்க:* இர்ஃபான்வியூ. போஸ்னியாவுல பிறந்த இர்ஃபான் ஸ்கில்யான், வியன்னாவுல இருந்தப்ப 1996-ல வெளியிட்டது. தனிப்பட்ட உபயோகத்துக்கு இலவசம். ஃபோட்டோ சைஸ் குறைச்சு விண்ணப்பத்துல ஏத்தறதுக்கு இதைவிட வேகமா ஒண்ணை நான் பார்க்கலை.
- *பாட்டு, படம்:* விஎல்சி. பாரிஸ்ல கல்லூரி மாணவர்கள் 1996-ல ஆரம்பிச்சது. கோடெக் தேடி அலையற வேலையையே ஒழிச்சது.
- *பிடிஎஃப் படிக்க:* சுமத்ரா பிடிஎஃப். 2006-லேர்ந்து வருது. இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்லேர்ந்தே ஓட்டலாம்.
- *சுருக்க, விரிக்க:* 7-ஜிப். 1999-லேர்ந்து ஈகோர் பாவ்லோவ் எழுதறார். 'காசு கட்டுங்க'ன்னு பெட்டி வராது.
- *எழுத:* நோட்பேட்++. 2003-லேர்ந்து டான் ஹோ. சேமிக்கறப்ப யுடிஎஃப்-8ல இருக்கான்னு ஒரு கண் வச்சுக்கோங்க.
- *மனு, கணக்கு:* லிப்ரே ஆபீஸ். லேசுன்னு சொல்ல மாட்டேன், கொஞ்சம் குண்டுதான். ஆனா மூணாவது கேள்வியில முழு மார்க். ஓடிஎஃப் திறந்த தரம், யாரும் பூட்ட முடியாது.
- *தமிழ் தட்டச்சு:* விண்டோஸ் 10, 11-ல தமிழ் கீபோர்டு உள்ளயே இருக்கு, அதுல தமிழ்99-உம் உண்டு. இல்லைன்னா கீமேன். லினக்ஸ்னா ஐபஸ்.
- *பிரௌசர்:* ஃபயர்பாக்ஸ், கூடவே யூபிளாக் ஆரிஜின். இன்னைக்கு மெஷினைப் படுக்க வைக்கறதுல முதலிடம் வெப் பக்கத்து விளம்பரங்களுக்குத்தான். அதை நிறுத்தினாலே பாதி நோய் போயிடும்.

இதுல சிலது ஒரு ஆள் தொடங்கி 20 வருஷத்துக்கு மேல வளர்த்தது. அதே மாதிரிதான் இ-கலப்பை, அழகி, பொங்குதமிழ், தேனீ, என்எச்எம் ரைட்டர். எதிர்ல உக்காந்திருக்கறவர் கையில என்ன மெஷின் இருக்குன்னு தெரிஞ்சு எழுதினவங்க இவங்க. இன்னைக்கு 16 ஜிபி ராம் வச்சு மென்பொருள் எழுதற என்னை மாதிரி ஆளுங்க அந்த எதிர் நாற்காலியைப் பார்க்கறதே இல்லை. அந்தக் கடையில ரெண்டு நாள் உக்காந்தது நான் ஆபீஸ்ல எழுதற கோடுக்கும் நல்லதுதான்.

நீங்க முதல் முதலா தமிழ் அடிச்சது எதுல? முரசு அஞ்சலா, கலப்பையா, இல்லை சுரதா பக்கமா? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. அப்படியே ஒரு வேண்டுகோள்: பழைய சிடியில, ஹார்ட் டிஸ்குல திஸ்கி, பாமினி ஃபைல் ஏதாவது தூங்கிட்டு இருந்தா இந்த வாரமே எடுத்து யுனிகோடா மாத்திடுங்க. மாற்றியும் இருக்கு, டிஸ்கும் இன்னும் சுத்துது. ரெண்டும் எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாது.